கோளாறு மறுபடி தென்படவில்லை

பிராண்டனில், நெடுஞ்சாலையை ஒட்டி,
கார் விற்கும் கண்ணாடிக் கட்டடத்தின் பின்பக்கம்
என் மேசை.
முன்பக்கம் சாவி கொடுப்பார்கள்,
பலூன் கட்டிப் படம் பிடிப்பார்கள்.
பின்பக்கம் நான் கேட்டுக்கொள்வேன்.

இந்த வாரம் ஏழாவது ஆள் ஜாய்ஸ் ஃபின்லேசன்.
மூன்று வரிசை இருக்கை, இரண்டு குழந்தை நாற்காலி,
தரையெல்லாம் பிஸ்கட் தூள்.
"நூற்றுப்பத்தில் போகிறேன்.
முன்னால் ஈ காக்கை இல்லை.
பாலத்தின் நிழலைப் பார்த்ததும்
யாரோ பின்னிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி
தானாகப் பிரேக் போடுகிறது.
பின்னால் வந்த கோதுமை லாரியின் ஹாரன்
இன்னும் என் காதில் இருக்கிறது."

அரண்ட கண்ணுக்கு இருண்டதெல்லாம் லாரி
என்று நான் சொல்லவில்லை.
படிவத்தில் எழுதினேன்:
வாடிக்கையாளர் கூற்றுப்படி, திடீர் வேகக்குறைவு.

கூற்றுப்படி.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

டெல்மர் ரீமர் வழக்கு வேறு.
அவர் காருக்கு மரியாதை அதிகம்.
நான்கு கார் நீளம் இடம் விடும்;
அதில் ஒருத்தன் நுழைவான்;
அவனுக்கும் நான்கு விடும்;
இன்னொருத்தன்.
"வின்னிபெக் போய்ச் சேர்வதற்குள்
ஊரையே முன்னால் அனுப்பிவிட்டேன்.
எனக்குப் பின்னால் மிஞ்சியது என் மனைவி மட்டும்,
அதுவும் அவள் பின்சீட்டில் இருந்ததால்."

ஒரெஸ்ட் ஹாவ்ரிலக் பேசவே இல்லை.
அலைபேசியில் ஒரு படம் நீட்டினார்:
மைனஸ் முப்பத்தொன்று,
முன்கிரில் முழுக்கப் பனிப்பாறை,
திரையில் மஞ்சள் எழுத்து: உணரி மறைக்கப்பட்டுள்ளது.
"குளிர்காலத்துக்கென்றுதானே வாங்கினேன்,"
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

மெக்கானிக் கோர்ட் கணினியைச் செருகிப் பார்த்தான்.
பிழை எதுவும் பதிவாகவில்லை.
நல்ல வக்கீல் வைத்தவனைப் போல
கார் எதையும் ஒப்புக்கொள்ளாது.

வியாழன் மாலை ஜாய்ஸின் வண்டியை
நானே எடுத்துக்கொண்டு கார்பெரி வரை போனேன்.
முதல் பாலம், ஒன்றுமில்லை.
இரண்டாவது, ஒன்றுமில்லை.
மூன்றாவதில், வெட்கமாகத்தான் இருந்தது,
"போடு" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.
நல்ல பிள்ளையாகப் போனது.

திரும்பும்போது வெயில் முகத்தில்.
பாலம் இல்லை. வண்டி இல்லை. மரம்கூட இல்லை.
சாலையின் குறுக்கே புகை மாதிரி
கொஞ்சம் பனி ஊர்ந்து போனது, அவ்வளவுதான்.

பெல்ட் நெஞ்சை வெட்டியது.
கடைசி வரிசையில் கிடந்த பால்குவளை ஒன்று
உருண்டு வந்து என் குதிகாலில் முட்டியது.
கண்ணாடியில் இரண்டு விளக்குகள்
பெரிதாகி, பெரிதாகி,
நான் மிதித்தேன்.
மிதித்தது என் கால்தான் என்று
கார் நம்புவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

படிவத்தில் 'வாடிக்கையாளர் கூற்றுப்படி'யை அடித்துவிட்டு
'என் கூற்றுப்படி' என்று எழுதி அனுப்பினேன்.
நான்கு நாளில் கம்பெனி பதில்:
வடிவமைத்தபடியே இயங்குகிறது.
கீழே, என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஜாய்ஸ் போன் செய்தாள்.
"ஒன்றும் தென்படவில்லை என்பீர்கள், அப்படித்தானே?"
கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"கோதுமை இல்லை," என்றேன்.
"எனக்குப் பின்னால் வந்தது மாட்டு லாரி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
ஒரு குழந்தை எதையோ தட்டும் சத்தம் மட்டும்.
பிறகு ஜாய்ஸ் கேட்டாள்:
"எவ்வளவு பக்கத்தில்?"